சஹ்ரானுக்கு முன்னும் பின்னும்: காத்தான்குடியிலிருந்து பார்த்தால்

எங்காவது குண்டு வெடித்துவிட்டால் மறுநாள் தேநீர்க் கடையிலிருந்து பாராளுமன்றம் வரை ஒரே கேள்விதான்: “முஸ்லிம்கள் ஏன் இதைக் கண்டிக்கவில்லை?” கண்டித்து அறிக்கை வந்துவிட்டால், “அறிக்கை விட்டால் ஆயிற்றா?” என்பது அடுத்த கேள்வி. மறுபக்கத்தில், “எவனோ செய்ததற்கு நாங்கள் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?” என்ற எரிச்சல். 2014இல் ஐ.எஸ். தலைவர் பக்தாதிக்கு உலகின் பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மார்க்க ஆதாரங்களோடு மறுத்த நீண்ட கடிதம் அது. அப்படியொன்று வந்ததே பலருக்குத் தெரியாது. கேள்வி கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் பதிலைத் தேடுவதில்லை.

ஆனாலும் அந்தக் கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் மனம் வரவில்லை. அதைப் பொதுப்படையாக வைத்துப் பேசுவதால்தான் பேச்சு நகர மறுக்கிறது. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே யார் எப்போது எதை எதிர்த்தார்கள், எதைக் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் ஆகியவற்றில் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதை நடத்திய கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் ஹாசிம் காத்தான்குடியில் பிறந்து வளர்ந்தவன். ஆகவே காத்தான்குடியையே எடுத்துக்கொள்வோம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே ஐந்தாறு கிலோமீட்டர் போனால் காத்தான்குடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் இடுங்கிய நிலத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். வீட்டிலும் கடைத்தெருவிலும் பள்ளிவாயலின் உரைமேடையான மிம்பரிலும் பேசுவது தமிழ். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, இஷா தொழுகையில் நின்றவர்களை இரண்டு பள்ளிவாயல்களுக்குள் புகுந்து விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். பக்கத்து ஊர் தமிழரை நம்ப முடியாது, அரசாங்கத்தையும் முழுதாக நம்ப முடியாது என்ற நிலையில் ஊர் தனக்குள்ளேயே சுருண்டுகொண்டது. நிலம் வாங்குவது, மணம் முடிப்பது, பிள்ளைகளைப் படிக்க வைப்பது எல்லாம் ஊருக்குள்ளேயே என்று ஆனபோது ஊரில் எஞ்சிய பெரிய பொதுக்களம் மார்க்கம்தான். அதிகாரப் போட்டியும் அந்தக் களத்திலேயே நடந்தது.

அந்தப் போட்டி சஹ்ரானுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. தீவிரவாதத்துக்கு முஸ்லிம் சமூகம் காட்டிய எதிர்வினை பற்றிப் பேசுகிற பலர் 2019இலிருந்து ஆரம்பிக்கிறார்கள். என் கணக்கில் 1979இலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த ஆண்டில்தான் காத்தான்குடியின் அப்துர் ரஊப் மௌலவி போதித்த சூபித்துவக் கருத்துகளை எதிர்த்து நாட்டின் மார்க்க அறிஞர் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பத்வா (மார்க்கத் தீர்ப்பு) வெளியிட்டது. இறைவனையும் படைப்பையும் ஒன்றாகக் காணும் அவருடைய ‘வஹ்தத்துல் வுஜூத்’ கொள்கை இஸ்லாத்துக்குப் புறம்பானது, அதை ஏற்பவர்கள் முர்தத்கள் என்பது அதன் சாரம். முர்தத் என்றால் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர். ஒரு கருத்து பிழை என்று சொல்ல உலமாக்களுக்கு உரிமை இருக்கிறது. யாரும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறிய ஊரில் முர்தத் என்று முத்திரை விழுந்தால் அது ஏட்டோடு நிற்காது. திருமணத்தில் வரும், வியாபாரத்தில் வரும், கடைசியில் அடக்கம் செய்யும் மையவாடியிலும் வரும்.

வந்தது. 2004இல் காத்தான்குடியில் சூபி தரீக்காக்கள் எனும் ஆன்மிக வழிமரபுகளைச் சேர்ந்தவர்களின் வீடுகளும் நிலையங்களும் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில், ஊரார் பயில்வான் என்று அழைத்த இன்னொரு சூபித் தலைவர் காலமானார். அவருடைய ஜனாஸாவைக் காத்தான்குடியில் அடக்கியதை எதிர்த்துக் கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் ஊரை விட்டு ஓடின. கடைசியில் அடக்கிய உடலைத் தோண்டி எடுத்தார்கள். இறந்த மனிதனைக்கூட மண்ணுக்குள் நிம்மதியாக இருக்க விடாத கோபம் அது. அன்று அதைப் பகிரங்கமாகக் கண்டித்த முஸ்லிம் அரசியல்வாதி யார், பள்ளிவாயல்கள் சம்மேளனத் தலைவர் யார் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். பெரும்பாலோருக்கு அது வழிகேடர்களுக்கும் நேர்வழியினருக்கும் இடையிலான சண்டை. பொலிஸுக்கு அது முஸ்லிம்களின் உள்வீட்டுப் பிரச்சினை.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாப் பழியையும், ஏக இறைக் கொள்கையை வலியுறுத்தி சூபி வழக்கங்களை எதிர்க்கும் தவ்ஹீத் இயக்கங்கள்மேல் போட்டுவிடுவது வசதியானது. அது சரியல்ல. 2009இல் பேருவளையில் தாக்கப்பட்டது தவ்ஹீத் தரப்பின் பள்ளிவாசல். தாக்கியவர்கள் தரீக்காவைப் பின்பற்றுகிறவர்கள். அங்கும் உயிர்கள் போயின. கந்தூரி விருந்தும் மௌலூதுப் பாடலும் தாயத்தும் கூடாது என்று பிரசாரம் செய்கிறவர் எல்லோரும் குண்டு கட்டக் கிளம்புவதில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சட்டத்துக்கு அடங்கி வாழ்கிறவர்கள். தமிழ்நாட்டில் பி. ஜைனுல் ஆபிதீன் போன்றோரின் தமிழ்ப் பேச்சுகளும் குர்ஆன் தமிழாக்கமும் கடல் கடந்து இலங்கைக்குப் போயின. அரபு தெரியாத சாதாரண வாசகனுக்கு மார்க்கத்தைத் தாமே படித்துப் பார்க்கும் துணிச்சலை அவை கொடுத்தன, வரதட்சணைக்கு எதிராகவும் பேசின. அதே பேச்சுகள் ‘நாங்கள் மட்டும்தான் சரி’ என்ற தொனியையும் சேர்த்தே கொண்டுபோனதை அந்த வட்டத்துக்குள்ளிருந்தவர்களே பின்னாளில் ஒப்புக்கொள்வதைக் கேட்கலாம்.

சஹ்ரான் இந்தத் தொனியிலேயே வளர்ந்தவன். காத்தான்குடி ஜாமியத்துல் பலாஹ் அரபுக் கல்லூரியில் ஓதினான். ஆசிரியர்களோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டான். பிறகு தாருல் அதர் பள்ளிவாயலில் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) செய்தான், அங்கிருந்தும் விலக்கப்பட்டான். அதன் பிறகுதான் தேசிய தவ்ஹீத் ஜமாஅத் என்று சொந்தக் கடை விரித்தது. பேச்சு வல்லமை இருந்தது. பேஸ்புக்கும் யூடியூபும் வந்தபோது காத்தான்குடி மிம்பரின் எல்லை உடைந்தது. ஆக, அவனை விலக்கிய நிறுவனங்கள் இரண்டு. இரண்டும் தம் சுவருக்குள்ளிருந்து அவனை வெளியே அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டன.

அரசியல்வாதிகள் விலக்கவும் இல்லை. 2015 பொதுத் தேர்தலின்போது காத்தான்குடி வேட்பாளர்கள் சஹ்ரானைப் போய்ச் சந்தித்து அவன் நிபந்தனைகளுக்கு உடன்பட்டார்கள். பிரசாரக் கூட்டத்தில் இசை கூடாது, ஆண்களும் பெண்களும் கலக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள். 2019இல் பாராளுமன்றத் தெரிவுக்குழு முன் சாட்சியமளித்த, அவர்களில் ஒருவரும் கிழக்கு மாகாண முன்னாள் ஆளுநருமான ஹிஸ்புல்லாஹ் இதை மறுக்கவில்லை. எல்லா வேட்பாளர்களுமே அப்படிச் செய்தார்கள் என்பதே அவர் விளக்கம். அவன் கையில் கணிசமான வாக்குகள் இருந்தன, அவ்வளவுதான். நாளைக்கு இவன் கொலைகாரனாவான் என்று அன்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஊரில் இன்னொரு பிரிவு மக்களை மேடைக்கு மேடை காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று ஏசுகிறவன் என்பது நன்றாகத் தெரியும். சூபிகளுக்கு எதிரான அந்தப் பேச்சு அவனோடு பேரம் பேச ஒரு தடையாக இருக்கவில்லை.

2017 மார்ச் 10. காத்தான்குடி அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்களுக்கும் ரஊப் மௌலவியின் ஆட்களுக்கும் மோதல். வாள்கள் வந்தன, பெட்ரோல் குண்டுகள் வந்தன. சிலர் காயமடைந்தார்கள், சிலர் கைதானார்கள், சஹ்ரான் தலைமறைவானான். அடுத்து நடந்ததுதான் இந்த விவாதத்தின் மையம். சூபி தரப்பு மக்கள் தெருவில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அவனைக் கைது செய்யச் சொல்லி பொலிஸுக்கும் அரசின் உயர்மட்டத்துக்கும் முறைப்பாடு அனுப்பினார்கள். அவனுடைய உரைகளையும் சேர்த்து ஒப்படைத்தார்கள். அவன் தொடங்கிய அமைப்பே அவனை நீக்கிவிட்டதாக அறிவித்தது. அதற்கும் முன்பே, தாம் இராணுவப் புலனாய்வினரிடம் அவனைப் பற்றி எச்சரித்ததாக இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் துணைத் தலைவர் ஹில்மி அஹமட் தாக்குதலுக்குப் பிறகு பகிரங்கமாகச் சொன்னார்.

“முஸ்லிம்கள் ஏன் சொல்லவில்லை?” சொன்னார்கள். எழுத்தில் சொன்னார்கள். அரசு அதை எப்படிக் கேட்டது என்பது தனிக் கதை. பயங்கரவாத விசாரணைப் பிரிவு 2018இல் சஹ்ரானுக்கு எதிராகத் திறந்த பிடியாணை பெற்றிருந்தது. அந்தப் பிரிவை நடத்திய பிரதிப் பொலிஸ் மாஅதிபர் நாலக சில்வா அந்த ஆண்டு ஒக்டோபரில் வேறொரு விவகாரத்தில், ஜனாதிபதியைக் கொல்லச் சதி என்ற குற்றச்சாட்டில் கைதானார். விசாரணை அப்படியே படுத்துவிட்டது. ஆண்டுக் கடைசியில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. சந்தேக நபர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்களில் அந்த ஊர் முஸ்லிம்களே முன்னால் நின்றார்கள். 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோப்பில் வெடிபொருள்கள் சிக்கின. அந்த விசாரணைக்கு உதவிய ஒரு முஸ்லிம் மனிதரை மார்ச் மாதம் அவருடைய வீட்டிலேயே வைத்துத் தலையில் சுட்டார்கள். உயிர் தப்பினார், உடல் முடங்கிப் போனது. ஏப்ரல் 4 முதல் இந்தியப் புலனாய்வின் எச்சரிக்கைகள் வந்தன. ஏப்ரல் 11ஆம் திகதியிட்ட பொலிஸ் கடிதத்தில் சஹ்ரானின் பெயரே இருந்தது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றும், பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வு உயர் அதிகாரிகளும் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தெரிந்தும் தடுக்கவில்லை என்பதே தீர்ப்பின் பொருள். தெரிந்தே விட்டார்களா என்ற சந்தேகம் இன்னும் ஓயவில்லை. 2023இல் பிரித்தானியாவின் சேனல் 4 வெளியிட்ட குற்றச்சாட்டுகள் அதைக் கிளறிவிட்டன, சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். அந்த முடிச்சை இங்கே அவிழ்க்க முடியாது.

மொழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். சஹ்ரானின் உரைகள் எல்லாம் தமிழில் இருந்தன. சிங்களத்தில் இயங்கும் ஒரு பாதுகாப்பு இயந்திரத்துக்கு அவை இன்னொரு மௌலவியின் கூச்சலாகத்தான் கேட்டிருக்கும். தாக்குதல் நடந்த பிறகும் சில காணொளிகள் நாள்கணக்கில் இணையத்தில் கிடந்தன. தமிழ்நாட்டில் அவற்றைக் கேட்டவர்களும் இருந்தார்கள்: 2019 ஜூனில் தேசியப் புலனாய்வு முகமை கோவையில் சோதனை நடத்தி, பேஸ்புக்கில் சஹ்ரானோடு தொடர்பில் இருந்ததாக ஒருவரைக் கைது செய்தது.

இப்படிப் பார்த்தால் இரண்டு வகை மௌனங்கள் தெரிகின்றன. வன்முறையை முஸ்லிம் சமூகம் எதிர்த்தது, ஆளைக் காட்டியும் கொடுத்தது. அங்கே மௌனம் அரசினுடையது. வன்முறைக்கு முந்திய கட்டத்தில், அதாவது பக்கத்துத் தெரு முஸ்லிமை முஸ்லிமே இல்லை என்று விலக்குவதில், மௌனம் சமூகத்தினுடையது. சஹ்ரானைப் பற்றி முறைப்பாடு செய்தவர்கள் சூபிகள் என்பதாலேயே அந்த முறைப்பாட்டுக்கு ஊருக்குள் கனம் குறைந்தது. முர்தத் என்று ஏற்கெனவே முத்திரை குத்தப்பட்டவன் சொல்லும் சாட்சியத்தை யார் காது கொடுத்துக் கேட்பார்? 1979க்கும் 2017க்கும் இடையே உள்ள கயிறு இதுதான் என்று நினைக்கிறேன். தாக்குதலை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கும் தெரிவுக்குழுவுக்கும் முன் சூபி தரப்பினர் சாட்சியம் சொன்னபோதுதான் இந்தப் பழைய கதைகள் பலருக்கு முதல்முறையாக எட்டின.

தாக்குதலுக்குப் பிறகு வந்த எதிர்வினைகள் வேகமானவை. ஜம்இய்யத்துல் உலமா உடனடியாகக் கண்டித்தது. குண்டுதாரிகளின் ஜனாஸாக்களைப் பள்ளிவாசல்கள் ஏற்காது என்று அறிவித்தது. அரசு தடை விதிக்கும் முன்பே, முகத்தை மூட வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டது. (மட்டக்களப்புக் குண்டுதாரியின் உடற்பாகங்களை அதிகாரிகள் பிறகு ஓர் இந்து மயானத்தில் சத்தமில்லாமல் புதைத்ததும், அதை அறிந்த தமிழ் மக்கள் தெருவுக்கு வந்ததும், நீதிமன்றம் போய் மறுபடி தோண்டி எடுத்ததும் நடந்தது. யாருக்கும் வேண்டாத பிணம்.)

ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் நடந்ததை ஒரு கண்டன அறிக்கையோடும் ஒப்பிட முடியாது. சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்ட குடியிருப்பு ஒன்றில் புதிதாக ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருந்தது. நடமாட்டம் சரியில்லை என்று பட்டதும் அக்கம்பக்கத்தார் பள்ளிவாசல் ஆட்களோடு போய்க் கதவைத் தட்டி யார், எவர் என்று விசாரித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள். ஊர்க்காரர்கள் பின்வாங்கி, ஓடாமல், பொலிஸுக்குச் சொன்னார்கள். படையினர் வந்து சுற்றி வளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்க வைத்தார்கள். சஹ்ரானின் தகப்பனும் சகோதரர்களும், ஆறு பிள்ளைகளும் உட்படப் பதினைந்து பேரளவில் அங்கே மாண்டார்கள். இன்னொரு தாக்குதலுக்கு வைத்திருந்த வெடிபொருள்களும் அந்த வீட்டில் இருந்தன. கதவைத் தட்டப் போன அந்தச் சாதாரண மனிதர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்கள். இவர்களைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்?

அதற்குக் கிடைத்த கைம்மாறு இரண்டு வாரத்தில் தெரிந்தது. மே 12, 13 திகதிகளில் சிலாபம், குளியாப்பிட்டி, மினுவாங்கொடை, நாத்தாண்டியா பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம்களுக்கு எதிரான 2014 அளுத்கம, 2018 திகன வன்முறைகளின் வரிசையில் அது இன்னொன்று. ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்டிருந்தது. அது பௌத்தரின் தர்மச்சக்கரம் என்று சொல்லி அவரைப் பிடித்துப் பல நாள்கள் சிறையில் வைத்தார்கள். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் சிறையிலிருந்த, கடும்போக்குப் பௌத்த அமைப்பான பொதுபல சேனாவின் ஞானசார தேரர் அதே மே மாதம் ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தார். ஜூன் 3இல், ஒரு பிக்கு கண்டியில் உண்ணாவிரதம் இருந்ததன் நெருக்கடியில் இரு முஸ்லிம் ஆளுநர்கள் பதவி விலகினார்கள். அரசிலிருந்த முஸ்லிம் அமைச்சர்கள், இராஜாங்க, பிரதி அமைச்சர்கள் எல்லோரும் சேர்ந்து விலகினார்கள்.

இந்த வெப்பத்தில் நடந்த பலவற்றைச் சீர்திருத்தம் என்று எழுதினார்கள். எனக்கு அவை பெரும்பாலும் பயமாகத்தான் தெரிகின்றன. காத்தான்குடியில் அரபு எழுத்துப் பெயர்ப்பலகைகள் இறங்கின. கெக்கிராவைக்கு அருகே மடாட்டுகமவில், தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட பள்ளிவாசலை ஊர் முஸ்லிம்களே கூடி இடித்துத் தள்ளினார்கள். அந்தப் பள்ளி நிற்கும்வரை பொலிஸ் தேடி வந்துகொண்டே இருக்கும், பக்கத்து வீட்டுச் சிங்களவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்பது அவர்கள் சொன்ன நியாயம். யார் நிர்வகித்தாலும் பள்ளிவாசல் அல்லாஹ்வுக்குரியது, இடித்தது சரியல்ல என்றது ஜம்இய்யத்துல் உலமா. இரண்டு பேர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டடத்தை இடித்ததால் அங்கே என்ன பேசப்பட்டது, ஊர் ஏன் அதைப் பொறுத்துக்கொண்டது என்ற கேள்விகளும் சேர்ந்து இடிபாட்டுக்குள் போய்விட்டன. விசுவாசத்தை நிரூபித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவனால் தன்னைத் தானே ஆராய முடியாது. ஆராய்ந்து ஒரு குறையைச் சொன்னால் அதுவே நாளைக்கு அவன் சமூகத்துக்கு எதிரான குற்றப்பத்திரிகையாகிவிடும்.

இதற்குச் சரியான உதாரணம் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். 1951ஆம் ஆண்டுச் சட்டம். பெண்ணின் குறைந்தபட்ச மண வயதை அது வரையறுக்கவில்லை, முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிபதியாகப் பெண் வர முடியாது, மணப்பெண் பதிவில் கையெழுத்திட வேண்டிய கட்டாயமும் இல்லை. புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் முஸ்லிம் பெண்கள் இதை மாற்றச் சொல்லிப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். ஒன்பது ஆண்டு கழித்து 2018இல் குழு இரண்டாகப் பிளந்து இரண்டு கருத்துகளோடு அறிக்கை தந்தது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு திடீரென்று எல்லோருக்கும் இந்தச் சட்டம் கண்ணில் பட்டது. பெண்கள் கேட்டபோது கேட்காதவர்கள், அதைத் தீவிரவாதத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு ஒழிக்கச் சொன்னார்கள். 2021இல் ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ செயலணிக்கு ஞானசார தேரரைத் தலைவராக்கினார்கள். அதுவரை சீர்திருத்தம் வேண்டும் என்று பேசிய முஸ்லிம் பெண்களின் கதி என்ன? சமூகத்துக்குள், “அவர்களுக்கு உதவி செய்கிறாய்” என்ற ஏச்சு. வெளியே, தங்கள் வாதத்தைத் தங்கள் எதிரியின் வாயிலிருந்து கேட்கும் கொடுமை. சகிப்பின்மையை உள்ளிருந்து எதிர்க்கிறவர்களை, வெளியிலிருந்து வரும் சகிப்பின்மை எப்படிக் கையைக் கட்டிப் போடுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

2020 மார்ச் மாதக் கடைசியிலிருந்து 2021 பெப்ரவரி வரை, கொரோனாவில் இறந்தவர்களை முஸ்லிம்கள் உட்பட எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்று அரசு பிடிவாதம் பிடித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் எடுபடவில்லை. பிறந்து இருபது நாள்களே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலையும், பெற்றோரின் சம்மதமின்றி எரித்தார்கள். அனுமதி கிடைத்த பிறகு நாடு முழுவதிலுமிருந்து ஜனாஸாக்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கு ஏற்றி வரப்பட்டன. இந்த ஓராண்டில் எந்த மௌலவியாவது எழுந்து, “வாருங்கள், நம் பத்வாக்களைத் திரும்பிப் பார்ப்போம்” என்று சொல்லியிருந்தால் அவரை யார் கேட்டிருப்பார்கள்?

அஹ்னாப் ஜஸீமின் வழக்கு இதையெல்லாம் ஒரே மனிதன்மேல் இறக்கிவைத்தது. மன்னார்ப் பக்கத்து இளைஞர். புத்தளத்தில் தமிழ் ஆசிரியர். 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பு வெளியிட்டிருந்தார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அந்தக் கவிதைகள் மாணவர்களைத் தீவிரவாதத்துக்கு இழுக்கின்றன என்பது குற்றச்சாட்டு. தமிழ் படித்தவர்கள் அந்தத் தொகுப்பைப் புரட்டினால், போரையும் இரத்தத்தையும் ஐ.எஸ். வகை வன்முறையையும் வெறுக்கும் கவிதைகளே கண்ணில் படும். விசாரணையாளர்கள் சார்ந்திருந்தது சிங்கள மொழிபெயர்ப்பை. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. முஸ்லிம்கள் தீவிரவாதத்தை எதிர்த்துப் பேச வேண்டும் என்று கேட்ட அதே அரசு, அப்படி எழுதியவரை ஒன்றரை ஆண்டு உள்ளே வைத்திருந்தது. 2021இல் பதினொரு அமைப்புகளைத் தடை செய்த பட்டியலிலும் இதே கண்மூடித்தனம் தெரிந்தது. சஹ்ரானோடு எந்தக் காலத்திலும் ஒத்துப்போகாத தவ்ஹீத் அமைப்புகளும் அதில் இருந்தன. பின்னர் சிலவற்றின்மீதான தடையை அரசே விலக்கியது.

இந்தியப் பக்கத்திலிருந்து ஓர் ஒப்பீடு. 2022 ஒக்டோபர் 23இல் கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன் கார் வெடித்து அதை ஓட்டியவர் இறந்தார். சில நாள்களில் அந்த நகரத்து ஜமாஅத் தலைவர்கள் கோவிலுக்கே நேரில் போய் நிர்வாகிகளையும் அர்ச்சகர்களையும் சந்தித்துப் பேசினார்கள். 1998 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பட்ட பாட்டிலிருந்து கற்ற பழக்கம் அது. கோவையில் அதன் பலன் தெரிந்தது: ஊர் கொதிக்கவில்லை. ஆனால் அதுவும் வெளியாரை நோக்கிய கைதான். ஜமாஅத்துக்குள் இளைஞர்கள் இணையத்தில் எவர் பேச்சைக் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமை குத்பா உரையில் அதற்கு என்ன பதில் இருக்கிறது என்பதெல்லாம் இன்னொரு வேலை.

காத்தான்குடிக்குத் திரும்பினால், அந்த இன்னொரு வேலைக்கு ஒரு தெளிவான தொடக்கப் புள்ளி இருக்கிறது. 1979இன் பத்வா. சூபி தரப்பு அதை மீளப்பெறச் சொல்லி நெடுங்காலமாகக் கேட்கிறது. கொள்கையில் விட்டுக்கொடுக்க முடியாது என்பது உலமாக்களின் நிலை. கொள்கையில் விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டியதில்லை. ரஊப் மௌலவியின் கருத்து பிழை என்றே ஜம்இய்யத்துல் உலமா தொடர்ந்து நம்பலாம். பல நூற்றாண்டுகளாக அறிஞர்கள் அதைப் பற்றி வாதாடித்தான் வருகிறார்கள். அந்தப் பிழைக்காக ஒருவர் வீட்டை எரிக்கவும், மையவாடியில் இடம் மறுக்கவும், பிள்ளைக்கு மணம் பேச மறுக்கவும் எவருக்கும் அதிகாரமில்லை என்று அதே அதிகாரபூர்வக் கடிதத் தலைப்பில், அதே கனத்தோடு, எல்லா மிம்பர்களிலும் வாசிக்கும்படி எழுதித் தர முடியும். அரசோ பிக்குகளோ கேட்டு எழுதுவதாக அது இருக்கக் கூடாது. அலியார் சந்திக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு எழுதுவதாக இருக்க வேண்டும்.